தானே அணைகிற வண்டி

ஏலகிரி மலைமேல் ஏரியைச் சுற்றி வீடுகள் உண்டு. விடியற்காலையில் பார்த்தால் வீடுகளும் இருக்காது, ஏரியும் இருக்காது. பனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் மனசே இல்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கும். அங்கே தைலமரங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான வீட்டில் பூங்கோதை அம்மா இருந்தார்.

வயது நாற்பதுக்கு மேல் அதிகம் இருக்காது. முன்பு எங்கோ ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் என்றார்கள். காவி கிடையாது, மாலை கிடையாது. பருத்திச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. சிரித்தால் ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்கும். ஆனால் ஜனங்கள் அவரைத் தேடி வந்தது பேசாமல் இருக்கத்தான். வருவார்கள், சில நாள் தங்குவார்கள், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், இறங்கிப் போவார்கள்.

அப்படி வருகிறவர்களில் அம்பலவாணன் பழைய சீடர். வயதில் அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு மூத்தவர். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் பெரிய பொறியாளர். மௌனம் அவருக்கு அப்படிக் கைவந்திருந்தது. மற்றவர்கள் முதல் நாள் நெளிவார்கள். மறுநாள் மரத்தோடு பேசுவார்கள். அம்பலவாணன் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் அணைந்துவிடுவார். ஊதி அணைத்த விளக்கில் புகையாவது எழும். அவரிடம் அதுவும் எழாது. புதிதாக வந்தவர்களுக்கு அவரைத்தான் கண்ணால் காட்டுவார்கள், ‘அவரைப் பார்’ என்று.

அம்மா மட்டும் ஒருநாளும் அவரை யாருக்கும் காட்டியதில்லை.

ஐப்பசி மாதம், மழை சற்று விட்ட ஒரு காலையில், அம்பலவாணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பையை அறையில் போட்டார். அம்மா முற்றத்தில் உதிர்ந்து கிடந்த தைலமரப் பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பனியில் அவர் இடுப்புக்குமேல்தான் தெரிந்தார்.

“அம்மா, உட்கார்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“மனுஷங்க அமைதியை ஏன் அணைக்கிறாங்க?”

“யார் அணைச்சது?”

அம்பலவாணன் மூச்சை இழுத்துக்கொண்டார். “எங்க கம்பெனி வண்டியில ஒரு ஏற்பாடு இருக்கு. சிக்னல்ல வண்டி நின்னா இன்ஜின் தானா அணைஞ்சுடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தா தானா கிளம்பிடும். நான் செஞ்சது. என் அரை ஆயுசு அதுலதான் போச்சு.”

“எதுக்கு அணையணும்?”

“பெட்ரோல் மிச்சம். புகை மிச்சம். அதெல்லாம் கம்பெனிக்கு. எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் அம்மா. ஊரே இரைஞ்சுக்கிட்டிருக்கிற இடத்துல, ஒரு பெட்டிக்குள்ள மட்டும் சத்தமே இல்லாத ஒரு நிமிஷம். அதை நான் ஜனங்களுக்குக் கொடுத்தேன்.”

“வாங்கிக்கலையா?”

“வண்டியில ஏறினதும் முதல் வேலையா ஒரு பட்டனை அமுத்தி அதை நிறுத்திடுறாங்க. சாவியை வாங்கும்போதே, இதை எப்படி நிறுத்துறதுன்னு கேக்கிறாங்க. ஒரேயடியா பிடுங்கிப் போடற மெக்கானிக்கெல்லாம் வந்துட்டாங்க. அடுத்த மாடல்ல அதை என்ன பண்றதுன்னு கூட்டம் போட்டிருக்காங்க. என்னைக் கேக்காம எடுக்க மாட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

அம்மா பட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“ஆமா அம்மா.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

அம்பலவாணன் முகத்தில் அந்தப் பழைய அமைதி வந்து இறங்கியது. புருவம் தளர்ந்தது. கண் பாதி மூடியது. பார்க்கிறவர்களுக்கு அது அழகாகத்தான் இருக்கும்.

அம்மா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டைகளை அடுப்படியில் போட்டுவிட்டு வந்தார்.

“வண்டியை எடுங்க. கீழே இறங்கிப் பார்ப்போம்.”

*

மலைப்பாதையில் பனி வழிமறித்து நின்றது. வண்டி அதற்குள் நுழைய நுழைய அது பின்வாங்கி, பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து நின்றது. முந்தின நாள் மழைக்கு ஒரு வளைவில் மண் சரிந்திருந்தது. ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு, அப்புறம் மறுபக்கத்தை விட்டார்கள். அதனால் இறங்குகிற வண்டிகள் வரிசையாக, நிற்பதும் நகர்வதுமாக ஊர்ந்தன. முன்னால் போன வேனின் சிவப்பு விளக்குகள் தண்ணீரில் கரைத்த குங்குமம்போல் கலங்கித் தெரிந்தன.

முதல் தடவை நின்றபோது இன்ஜின் அணைந்தது.

உலகம் சட்டென்று பஞ்சுக்குள் போனது. எங்கோ ஓர் இலையிலிருந்து சொட்டு விழுந்தது கேட்டது. அம்பலவாணனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ‘இதைத்தான் சொன்னேன்’ என்பதுபோல் அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று அம்பலவாணன் நினைத்தார்.

வேன் நகர்ந்தது. அவர் காலை எடுத்தார். இன்ஜின் வந்தது. அம்மா கண்ணைத் திறந்தார்.

“சொல்லுங்க. முதல்ல எப்படி ஆரம்பிச்சீங்க?”

“முதல்ல பண்ணின வண்டி தூக்கிப் போடும் அம்மா. அணையும்போது ஒரு குலுக்கு, கிளம்பும்போது ஒரு குலுக்கு.”

“ம்.”

“முன்னாடி டீ கிளாஸை வச்சுப் பார்ப்பேன். சிந்தக் கூடாது. டீயில வட்டம்கூட விழக் கூடாது.”

“ம்.”

“அதுக்கே வருஷக்கணக்காச்சு. வீட்டுக்குப் போனாலும் அதே நினைப்புதான்...”

வண்டி நின்றது. இன்ஜின் அடங்கியது. “அப்பல்லாம் நான்” என்று தொடங்கிய அம்பலவாணன், பக்கத்திலிருந்து ‘ம்’ வராததால் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் கண் மூடியிருந்தது. முகம், ஆள் காலி செய்துபோன வீடு மாதிரி இருந்தது.

வண்டி நகர்ந்தது.

“ம். அப்பல்லாம்?” என்றார் அம்மா.

அம்பலவாணன் சிரித்துக்கொண்டார். அம்மா விளையாடுகிறார் என்று புரிந்தது. சொல்ல வந்ததைத் தேடி எடுத்துச் சொன்னார். மறுபடி நின்றது. மறுபடி அந்த முகம். மறுபடி நகர்ந்தது, மறுபடி “ம், சொல்லுங்க.” இன்னும் இரண்டு வளைவு போவதற்குள் அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. பேச்சு நூல் அறுந்து அறுந்து விழுந்தது. முடிச்சுப் போட்டால் அடுத்த இடத்தில் அறுந்தது. பேசாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தார். முடியவில்லை. எத்தனையோ வருஷமாகத் திறக்காத ஏதோ ஒன்று அந்தப் பனிக்குள் எப்படியோ கொஞ்சம் திறந்துகொண்டிருந்தது. அந்த ‘ம்’ அதன் இடுக்கில் வைத்த சிறு குச்சி மாதிரி இருந்தது.

“அப்புறம்?” என்றார் அம்மா.

“அப்புறம் காந்திமதி” என்றார் அம்பலவாணன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“ம்.”

“என் வீட்டுக்காரி. போன வாரம் பக்கத்து வீட்டம்மா படிக்கட்டுல என்னைப் பார்த்து, ரிசல்ட் வந்துடுச்சான்னு கேட்டாங்க. எனக்கு எந்த ரிசல்ட்டுன்னே தெரியல.”

“ம்.”

“மார்புல ஒரு கட்டியாம். தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. ஊசி விட்டுச் சதை எடுத்திருக்காங்க. தனியா ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்திருக்கா. வந்து எனக்குத் தோசை சுட்டுப் போட்டிருக்கா. நானும் சாப்பிட்டிருக்கேன்.”

“ம்.”

“ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். அதுக்கு அவ...”

வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. அம்மா அணைந்தார்.

அம்பலவாணன் காத்திருந்தார். இந்தத் தடவை வேன் நகரவில்லை. எதிர்ப்பக்கத்து வண்டிகளை விட்டிருந்தார்கள். அவை பனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து, பக்கத்தில் உரசினாற்போல் ஏறி, பனியிலேயே மறைந்தன.

“அம்மா.”

பதில் இல்லை.

“அவ என்ன சொன்னான்னா...”

சொல் வெளியே வந்து, எங்கும் போய்ச் சேராமல், கண்ணாடியில் மூச்சுப் படிந்ததுபோல் படிந்து மறைந்தது.

“கேக்கறீங்களா அம்மா?”

அந்த மூடிய முகத்தில் கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. அமைதிதான் இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத, கழுவித் துடைத்த அமைதி. பனி நாலு கண்ணாடியிலும் வந்து அப்பியிருந்தது. இந்த மலையில், இந்த உலகத்தில், தான் ஒருவன்தான் மிச்சம் என்று தோன்றியது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அப்படித் தோன்றியது.

அவர் கை தானாக ஸ்டீயரிங்குக்குக் கீழே போனது. அந்தப் பட்டனைச் சின்னதாக வைக்கச் சொன்னவர் அவர். சட்டென்று கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னவரும் அவர்தான். அது எங்கே இருக்கிறது என்று இப்போது அவருடைய விரலுக்கே தெரியவில்லை. தடவினார். தப்பான எதையோ அமுத்தினார். மறுபடி தடவினார்.

அகப்பட்டது. அமுத்தினார்.

மெல்லிய நடுக்கத்தோடு இன்ஜின் வந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ம்” என்றார் அம்மா. கண் திறந்திருந்தது. “காந்திமதி என்ன சொன்னாங்க?”

“‘சொல்லியிருந்தா மட்டும் என்ன, நீங்க அமைதியாத்தானே இருந்திருப்பீய’ன்னு சொன்னா.”

“ம்.”

“அதைக் கேட்டும் நான் அமைதியாத்தான் இருந்தேன் அம்மா. நாளைக்கு ரிசல்ட். இன்னைக்கு நான் பையை எடுத்துக்கிட்டு இங்க வந்து நிக்கிறேன்.”

“ம்.”

எதிர்வண்டிகள் தீர்ந்து இவர்களை விட்ட பிறகும், வளைவுகள் முடிந்து பனி கிழிந்து, கீழே பச்சை வயல்கள் தெரிந்த பிறகும் அம்பலவாணன் பேசிக்கொண்டே வந்தார். மைத்துனன் செத்த கதையைச் சொன்னார். காந்திமதி பாடுவதை நிறுத்திய கதையைச் சொன்னார். சில இடங்களில் கண்ணைத் துடைக்க வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. நின்ற இடத்திலெல்லாம் இன்ஜின் ஓடியது. அம்மா ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

அடிவாரத்து பஸ் நிறுத்தத்தில் அம்மா இறங்கிக்கொண்டார்.

“நான் பஸ்ல மேல போய்க்கிறேன். நீங்க இப்படியே வீட்டுக்குப் போங்க.”

“நான் மௌனம் இருக்கணும்னு வந்தேன் அம்மா.”

“உங்களுக்கு இனிமே இங்க மௌனம் கிடையாது.”

அம்பலவாணனுக்கு முகம் வாடிவிட்டது. “அவகிட்ட நான் என்ன பேசறது? எனக்குத்தான் பேசவே வராதே.”

“மேலேயிருந்து இது வரைக்கும் நான் உங்ககிட்ட என்ன பேசினேன்?”

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. அம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பஸ் திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் கேட்டது.

*

காந்திமதி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சென்னைக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் அவள் வாயில் திருநெல்வேலி அப்படியே இருந்தது.

“என்ன, போன சூட்டோட வந்துட்டீய? அம்மா வீட்டுல சோறு இல்லையாமா?”

அம்பலவாணன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஒரு மொச்சைக் காயை எடுத்தார்.

“நாளைக்கு நானும் வாரேன்.”

“வந்து?”

அவர் கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாங்க. அங்கயும் நாற்காலி போட்டிருக்கான். உக்காந்துக்கிடலாம்” என்றாள் காந்திமதி. குரலில் காரமில்லை. அதுதான் சுட்டது.

அப்போது அது வந்தது. அவருக்குத் தெரிந்ததுதான், ஆனால் அது வருவதை அவர் பார்த்தது இப்போதுதான். நெஞ்சுக்குள் எங்கோ ஓர் ஓட்டம் மெல்ல அடங்கியது. காதோரம் பஞ்சு வந்து பொத்தியது. மலைப்பனி இறங்குவதுபோல் இதமாக, தூக்கம்போல் இனிப்பாக இருந்தது. அதற்குள் போய்விட்டால் வலிக்காது. மொச்சை இருக்கும், கூடம் இருக்கும், காந்திமதியின் உதடுகள் அசையும், ஒன்றும் வலிக்காது.

“ம்” என்றார்.

காந்திமதியின் கை நின்றது. “என்ன ம்?”

“சொல்லு. கேட்டுட்டிருக்கேன்.”

அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி காயை உரித்தாள். நாலைந்து காய் உரித்த பிறகு, காயைப் பார்த்தபடியே சொன்னாள்.

“தம்பி செத்தன்னைக்கு நான் உங்க கையைப் பிடிச்சேன். ஞாபகம் இருக்கா?”

“ம்.”

“கை இருந்துது. நீங்க இல்ல.”

“ம்.”

“அதுக்கப்புறம் நான் வாயைத் தொறந்தாலே ஒரு கதவு சாத்துத மாதிரி இருக்கும். மெதுவா. சத்தமே வராம. சத்தம் வந்தாலாவது சண்டை போடலாம்லா? ஊர்ல எல்லாரும் எங்கிட்ட வந்து, ஒம் மாப்பிள்ளை தங்கம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாவன்னு சொல்லுதாவ. நான் யாருகிட்ட போயி என்னன்னு சொல்ல?”

“ம்.”

“இன்னொரு தடவை ம்னு சொன்னீய, இந்தச் சொளவைத் தூக்கி மண்டையில போட்டுருவேன்.”

சொல்வதற்கு வேறு எதுவும் அம்பலவாணனிடம் இல்லை. “ம்” என்றார்.

காந்திமதி முறத்தைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மொச்சை கூடமெல்லாம் உருண்டது. சிரித்தவள் அப்படியே குனிந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்” என்றார் அம்பலவாணன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் விளக்கைப் போடாமல் அந்தச் சாயங்கால இருட்டில், கட்டிலுக்கு அடியிலும் கதவிடுக்கிலும் ஓடிய மொச்சையை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கினார்கள்.

*

கட்டி நல்ல கட்டி இல்லை. ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அறுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். காந்திமதியின் முடி தலையணையில் உதிர்ந்தது. வாய் கசந்தது. கோபம் வந்தது. கோபம் வந்தபோதெல்லாம் திட்டினாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் அம்பலவாணன் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். சில நாள் பதிலுக்குப் பதில் சண்டையும் போட்டார். ஒருநாள் நர்ஸ் வந்து, மற்ற நோயாளிகள் தூங்க வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க காந்திமதியின் முகம் தெளிவாக இருந்தது.

அறுவை முடிந்த வாரம்தான் கம்பெனிக் கூட்டம் வந்தது. இளம் பொறியாளர்கள் பயந்துகொண்டே பேசினார்கள். அம்பலவாணன் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பக்கத்து சீட்டுல ஒருத்தர் உட்கார்ந்து பேசிக்கிட்டு வரும்போது இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கோமா?”

யாரும் சோதித்ததில்லை. அவரும் அத்தனை வருஷமாகத் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்திருந்தார். அந்தப் பட்டனில் இளைஞர்கள் கேட்ட மாற்றத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பங்குனியில் இருவரும் மலைக்குப் போனார்கள். காந்திமதி தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். இங்கே யாரும் பேசக் கூடாது என்று கேள்விப்பட்டு, “அப்ப நான் கார்லயே இருந்துக்கிடுதேன்” என்றாள். பூங்கோதை அம்மா உரக்கச் சிரித்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து, ரசத்துக்கு மிளகை எப்படித் தட்ட வேண்டும் என்று காந்திமதியின் குரல் கேட்கத் தொடங்கியது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் உதட்டில் புன்னகை ஓடியது.

அம்பலவாணன் ஏரிக்கரையில் நின்றிருந்தார். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. அக்கரை மரங்கள் வேரில்லாமல் தண்ணீருக்கு மேல் மிதந்தன. அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன, முகம் சரியில்லையே?”

“இன்னைக்கு வர்ற வழியில காந்திமதி ஏதோ சொல்லிக்கிட்டே வந்தா அம்மா. அடுத்த ஸ்கேனைப் பத்தி. ஆம்பூர் தாண்டினப்புறம்தான் கவனிச்சேன். நான் எப்பவோ அணைஞ்சு போயிருக்கேன். எந்த இடத்துலன்னு எனக்கே தெரியல.”

“அவங்க என்ன பண்ணாங்க?”

“தொடையில கிள்ளினா.”

அம்மா சிரித்தார். தண்ணீரில் இருந்த நாரைகள் எழுந்து பனிக்குள் போயின.

அம்பலவாணன் சிரிக்கவில்லை. “இத்தனைக்கும் அப்புறமும் வருது அம்மா. நானா கூப்பிடறதில்ல. அதுவா வருது.”

“ம்.”

“பழைய வண்டியில ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அந்தப் பட்டனை அமுத்தணும். இல்லேன்னா தானா அணையற பழக்கம் திரும்ப வந்துடும். புது மாடல்ல பசங்க அதை மாத்திட்டாங்க. ஒரு தடவை அமுத்தினா போதும். வண்டி ஞாபகம் வச்சுக்கும். அப்புறம் நாம சொல்ற வரைக்கும் தானா அணையாது.”

“நல்லதுதானே.”

“எனக்கு அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க அம்மா. ஒரே தடவை. அதோட முடிஞ்சுடணும்.”

அம்மா ஏரியைப் பார்த்தார். பனிக்குள் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. வட்டம் மட்டும் கரைக்கு வந்து சேர்ந்தது. அடுப்படியிலிருந்து காந்திமதி கூப்பிட்டாள். “என்னங்க, இங்க வாங்க, ஒண்ணு சொல்லணும்!”

“நீங்க பழைய மாடல் ஐயா” என்றார் அம்மா. “ஒவ்வொரு தடவையும் அமுத்தித்தான் ஆகணும்.”